பல் டாக்டர் அளவெடுத்த துப்பாக்கி

பெருமாட்டி, கேரளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், கிடாரிக் கன்று எல்லோரும் சுகம், அந்தப் பனிமலை மேல் நீயும் உன்னோடு இருப்பவர்களும் அப்படியே இருக்கிறீர்கள் என்ற சேதிக்காகக் காத்திருக்கிறோம். உன் முகாமில் போன் எடுக்காத மாதங்கள் தொடங்கிவிட்டதால் அம்மா கடிதம் போடலாம் என்றாள். கடலைக்காய் உரித்துக்கொண்டே அவள் சொல்ல நான் எழுதுகிறேன், அவள் பேசுவதில் பாதி உனக்கும் பாதி அடுப்பில் இருக்கும் பாலுக்கும் என்பதால் கோத்து எழுதுவது என் பொறுப்பு, நடுவில் என் வார்த்தையும் வரும். அம்மா முதலில் கேட்கச் சொன்னது, கால்விரல்கள் மரத்துப்போகாமல் இருக்கின்றனவா, கம்பளி சாக்ஸ் இரண்டாகப் போடுகிறாயா என்று. அப்பா ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை, கட்டிலில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், ரொம்ப நேரமாகப் பக்கம் திரும்பவில்லை, காது இங்கேதான் இருக்கிறது.

உன் கடிதம் வந்தது. போன லீவில் வாங்கி வைத்துவிட்டுப் போன, தூரத்தைக் கிட்டத்தில் காட்டிக் குறி பார்க்க உதவும் ஸ்கோப்பை இன்னும் ஏன் அப்பாவின் ரைபிளில் மாட்டவில்லை, மேல் இரும்பில் துளை போட்டு மரை எடுத்தால் அரை மணி நேர வேலைதானே என்று கேட்டிருந்தாய். மாட்டியாயிற்று அண்ணா, ஆனால் துளை போடவில்லை. நீ போன பிறகு இங்கே காட்டுப்பன்றி அதிகமாகிவிட்டது, கடலைக் காடு உழுது போட்டது போல் கிடக்கிறது. பன்றி சுட அனுமதி உள்ளவர்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் முன் எல்லோரும் வனத்துறை ஆட்கள் எதிரில் குறி சுட்டுக் காட்ட வேண்டும் என்று இந்த வருடம் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கோ துப்பாக்கி முனையில் இருக்கும் குறி புகை மாதிரி தெரிகிறது, அதைக் கூர்ந்து பார்த்தால் எதிரில் நிற்பது மங்கிவிடுகிறது. பன்றி நேரே நின்றும் சுடாமல் திரும்பி வந்திருக்கிறார், சரியாகத் தெரியாமல் சுட்டு அது காயத்தோடு ஓடித் துடிப்பதற்கு நான் சுடாமலே இருந்துக்கறேன் என்றார். நம் பக்கத்தில் பட்டியலில் இருப்பது அவர் ஒருவர்தான். அவர் பெயர் போனால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்துத் தோட்டத்து முத்தாத்தாள் அக்கா வாசலில் நின்றே சொல்லிவிட்டார். அண்ணனால ஆகாதுன்னா சொல்லிப்போடுங்க, நான் வேலியில கரண்டு உட்டுக்கறேன், கடலை பூராத்தையும் பன்னி திங்கறத நான் பாத்துட்டிருக்க முடியாது என்று சொல்லி, வாங்கி வந்த கம்பிச் சுருளையும் காட்டினார். அந்த வேலியை ஒட்டித்தான் நான் பஸ்ஸுக்குப் போகும் தடம். அன்றிலிருந்து அம்மா என்னைச் சுற்றுவழியில் அனுப்பினாள்.

அப்பா நீ சொன்னபடி முதலில் வண்டித்தாவளத்து லேத் பட்டறை சிஜுவிடம்தான் போய்க் கேட்டார். சேட்டா, துப்பாக்கியக் கொண்டு வாங்க, ரெண்டு மினிட்டுல ஓட்டை போட்டுத் தரலாம் என்றாராம் சிஜு. ஓட்டை போட எனக்கும் தெரியுமப்பா, போட்ட ஓட்டைய எடுக்க உனக்குத் தெரியுமா என்று அப்பா கேட்க, சிஜு சிரித்துவிட்டு டீ சொன்னாராம். மூணாறு எஸ்டேட் துரை ஒருவரிடமிருந்து நம் குடும்பத்துக்கு வந்தது அந்த ரைபிள், சுதந்திரத்துக்கு முன்னால் செய்தது, இத்தனை வருடத்தில் அதன் இரும்பில் யாரும் அரம் வைத்ததில்லை என்பது உனக்கும் தெரியும். அது என்னைவிட மூத்தது, என்ற கண்ணு மங்குனா அது என்ற குத்தம், அதுக்கு எதுக்கு அது முதுகுல ஓட்டை என்று சொல்லிவிட்டார் அப்பா. பிறகு ஒரு மத்தியானம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தார். குழலின் மேல் பின்குறி என்று ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கிறதல்லவா, அது ஒரே ஒரு ஊசியில்தான் நிற்கிறது. ஊசியைத் தட்டி எடுத்தால் நாக்கு கழன்றுவிடும், அதன் இருக்கை காலியாகும், அந்த இருக்கையில் உட்காரும்படி ஒரு பிடி செய்து, அதே ஊசியைப் போட்டு, அதன்மேல் ஸ்கோப்பை வைத்தால் போதும். வேண்டாம் என்றால் பிடியை எடுத்துவிட்டு நாக்கைப் பழையபடி வைத்துவிடலாம். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்தார்.

இனி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அந்த இடத்தில் உன் ஸ்கோப்பைக் கையால் பிடித்துப் பார்த்தபோது கிணற்றுக்குள் விழுந்த ரூபாய்க் காசு போல ஒரு வெளிச்சம்தான் தெரிந்தது, மற்றதெல்லாம் இருட்டு. ஸ்கோப் கெட்டுவிட்டது என்று அப்பாவின் முகம் வாடிவிட்டது, பையன் ஆசையாக வாங்கியது என்று. நான் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துப் பார்த்தேன், அது கண்ணுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய வகை, குழலின் மேல் அவ்வளவு முன்னால் வைக்க வேறு வகை இருக்கிறது. நீ வாங்கிய கோயமுத்தூர் கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்றார், மாற்றிக்கொண்டோம். ஆகவே இப்போது இருப்பது நீ வாங்கிய ஸ்கோப் அல்ல, ஆனால் அப்பா அதை உன் ஸ்கோப் என்றுதான் சொல்கிறார்.

பிடி செய்யவும் அதே கடைதான், ஆனால் துப்பாக்கியை நேரில் காட்ட வேண்டும் என்றார்கள். நம் லைசென்ஸ் கேரளத்துக்குள் மட்டும்தானே செல்லும். கோயமுத்தூர் நமக்குத் தக்காளி விற்றுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பும் தூரம், துப்பாக்கிக்கு அது வேறு தேசம். அப்பா அதைத் துணியில் சுற்றி ஒளித்துக் கொண்டுபோகும் ஆள் இல்லை. அம்மாதான் வழி சொன்னாள், துப்பாக்கி போகலீன்னா அதும் அச்சு போகட்டும் என்று. மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து இருக்கையின் மேல் அமுக்கி எடுத்து வெயிலில் காயவைத்தாள், நாங்கள் மூவரும் ரொம்பப் பெருமையாக இருந்தோம். மாவு காய்ந்தால் சுருங்கும் என்பது தினமும் மாவு பிசைகிற வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அளவுக்குச் செய்து வந்த பிடி இருக்கையில் இறங்கவே இல்லை. இருக்கைய அரத்தால கொஞ்சம் ராவி விட்டா உட்காந்துக்கும் சேட்டா என்றார் பார்க்க வந்த சிஜு. சட்டை பத்தலீன்னு ஆளைச் செதுக்குவாங்களா என்று கேட்டுவிட்டு அப்பா பிடியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். குறி சுடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முத்தாத்தாள் அக்கா வேலியில் கம்பி கட்டக் கல்கால் நட ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் அம்மா தன் பல்செட்டை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏனுங்க, என்ற வாய்க்கே கச்சிதமா அச்சு எடுத்தாங்க, அசையாத இரும்புக்கு எடுக்க மாட்டாங்களா என்றாள். அம்மாவுக்குப் பல் கட்டிய ரிஞ்சு டாக்டர் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்துவிட்டார், பன்றி அவருடைய அப்பாவின் மரவள்ளிக் கப்பைத் தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லையாம். அப்பா தோட்டா தள்ளும் போல்ட்டைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் காட்டி, துப்பாக்கியைத் தலையணைமேல் கிடத்தினார். சேச்சி, இந்தப் பேஷன்ட் வாய் திறக்குமோ என்று டாக்டர் கேட்டார். அது வாயைத் தொறந்தா ஊரே அதுருமுங்க, முதுகுல மட்டும் எடுங்க என்றாள் அம்மா. பல் அச்சு எடுக்கும் அந்த இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்து அமுக்கி எடுத்து, அங்கேயே அதற்குள் வெள்ளைச் சாந்தை ஊற்றினார், அது கல்லாக இறுகிவிட்டது, இருக்கையின் ஒவ்வொரு விளிம்பும், ஊசித் துளை உட்பட, அப்படியே இருந்தது. அப்பா அதைத் துண்டில் சுற்றி மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார், நானும் கூடப் போனேன். செக்போஸ்ட்டில் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் அது என்ன என்று கேட்டார். அப்பாவுக்குப் பொய் வராதே, துப்பாக்கியோட பல் அச்சுங்க என்றார். அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பள்ளிக்கூட யூனிபார்மைப் பார்த்தார், பஸ்ஸைத் தட்டிப் போகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

இரண்டாவது பிடி இருக்கையில் இறங்கிய சத்தம் சோப்புப் பெட்டி மூடுவது போல இருந்தது. கல்குவாரியில் குறி சுடும் நாள் பிஜு அண்ணனும் வந்திருந்தார், பக்கத்து வார்டுப் பட்டியலில் இருப்பவர். சென்னிமலை அண்ணன் சந்திரனைப் பாக்கக் குழல் கொண்டு வந்திருக்காரே என்று அப்பாவைக் காட்டி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். சரிபார்க்க விட்ட முதல் குண்டு கீழே வலது பக்கம் போயிற்று, பிஜு அண்ணன் தொண்டையைச் செருமினார், நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அவசரப்படவில்லை. ஸ்கோப்பின் திருகைக் கொஞ்சம் திருப்பினார், மூச்சை விட்டார், சுட்டார். அதன் பிறகு சுட்டதெல்லாம் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கிற்று. நான் காகிதத்தைப் பார்க்கவில்லை அண்ணா, அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், ரொம்ப நாளுக்குப் பிறகு எதையோ தெளிவாகப் பார்க்கிற முகம். வனத்துறை மேடம் வந்து, துப்பாக்கியில் மாற்றம் ஏதாவது செய்திருக்கிறீர்களா, லைசென்ஸில் குறிக்க வேண்டுமே என்றார். அப்பா போல்ட்டைக் கழற்றிவிட்டு, மரக்குச்சியால் ஊசியைத் தட்டி, பிடியையும் ஸ்கோப்பையும் எடுத்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பழைய நாக்கைப் போட்டுக் கொடுத்தார். மேடம் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்னும் செய்யாத போலல்லோ இருக்கு என்றார். பிஜு அண்ணன் மெல்ல வந்து, சேட்டா, அந்தக் குழல்ல நானும் ஒன்னு பாத்துக்கட்டே என்று கேட்டார்.

பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறது. போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் ஒரு பன்றி, ஒரே குண்டு, நின்ற இடத்திலேயே விழுந்தது, அதிகாரிகள் வந்து விதிப்படி புதைத்தார்கள். முத்தாத்தாள் அக்கா கம்பியைக் கல்காலில் கட்டித்தான் இருக்கிறார், ஆனால் அதில் சேலை காய்கிறது. நான் நேர்த் தடத்திலேயே பஸ்ஸுக்குப் போகிறேன்.

ஸ்கோப்பை உன் பழைய மப்ளரில் சுற்றி வைத்திருக்கிறோம், வேலை இருந்தால் மட்டும் அப்பா எடுத்து மாட்டுவார். ரிஞ்சு டாக்டர் செய்த அச்சு அம்மாவின் பல் அச்சுக்குப் பக்கத்தில் அலமாரியில் இருக்கிறது. அப்பா இப்போதுதான் வாயைத் திறந்தார், ஸ்கோப்பு வாங்கிக் குடுத்த கை நல்லா இருக்கோணும்னு எழுது அம்முணி என்றார். அம்மா கடலை உரிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் சொல்வதை மாற்றாமல் எழுதுகிறேன். சாமி, உங்கப்பா அந்தத் துப்பாக்கிய ஒரு ஓட்டை இல்லாம, ஒரு கீறல் இல்லாம, வந்தது வந்தபடியே வெச்சிருக்காரு. நீயும் போனது போனபடியே ஊடு வந்து சேரோணும். சாக்ஸ் ரெண்டாப் போடு.

உனக்கும் உன்னோடு காவல் நிற்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி,

அம்மா மருதாத்தாள், அப்பா சென்னிமலை
எழுதியது தங்கை செல்வப்பிரியா