அத்தையின் தழும்பும் பத்தாம் நம்பர் மலைச் சிறுத்தையும்

அன்பு அம்மா,

இதில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதுவேன். அழகுக்காக எதையும் கூட்டமாட்டேன், வெட்கப்பட்டு எதையும் மறைக்கமாட்டேன்.

அத்தையைச் சிறுத்தை அடித்தது உனக்குத் தெரியாது. உன்னை அடக்கம் செய்த மறுநாள் காலை அது. நம் தோட்டத்துப் பத்தாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்க இறங்கியபோது, தேயிலைச் செடிகளுக்குள் கிடந்த சிறுத்தை அவர் தோளைக் கிழித்துவிட்டு ஓடிவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். புண் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அதன்பிறகு அவர் மலைக்கே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அரசியல்காரர் கோயில் மண்டபத்துக்கு வந்தார். பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலிலிருந்து சிறுத்தையை எடுத்துவிடச் சட்டத்தைத் திருத்தப் பார்க்கிறார்களாம். கொழும்பில் ஒரு குழு மக்களின் கருத்தைக் கேட்கிறதாம்.

"அக்கா வந்து அந்தத் தழும்பக் காட்டுனா போதுங்க. ஒருத்தனும் எதுத்துப் பேச மாட்டான்," என்றார் அவர், அத்தையைக் காட்டி.

அத்தை தலையாட்டிவிட்டார். அந்தச் சிறுத்தைக்கு இரண்டு குட்டிகள், அம்மா. பள்ளிக்கூடம் போகும் வழியில், பனி விலகிய ஒரு காலையில், மேல் பாறையில் பார்த்தேன். நான் அத்தையின் தோள் பக்கம் நிற்பதா, அந்தக் குட்டிகள் பக்கம் நிற்பதா? நீ என்ன சொல்லியிருப்பாய்?

எழுந்து கேட்டேன்: "சட்டம் மாறுனா மலைக்குக் காவலுக்கு யாருங்க வருவாங்க?"

"ஏ புஸ்தகம், ஒக்காரு!" என்று என் பட்டப்பெயரைச் சொல்லிக் கங்காணி அதட்டினார்.

"கேக்கட்டும்," என்று சிரித்தார் அரசியல்காரர். "காவல் எதுக்கும்மா? சிறுத்தப் புலி வந்தா சுட்டாலும் கேஸ் வராது."

"யாருங்க சுடுறது? எங்கிட்ட இருக்கிறது கொழுந்துக் கூடைதான்," என்றார் அத்தை. மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்:

"அன்னைக்கு நாங்க பொலி சொல்லல."

அரசியல்காரருக்குப் புரியவில்லை. அத்தை விளக்கினார். "மொதக் கொழுந்தப் போடுறப்ப எல்லாரும் 'பொலியோ பொலி'ன்னு கூவுவோம்ங்க. எங்க மதினி, இந்தப் புள்ளையோட அம்மா, அதுதான் மொதல்ல கூவும். அத அடக்கம் பண்ண மறுநா யாருக்கும் வாய் வரல. கூவுனா மரியாத இல்லன்னு சத்தமில்லாம எறங்குனோம். சிறுத்த அங்க தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. நான் அது மேலயே கைய வச்சிட்டேன்."

பொலி என்றால் விளைச்சல் பெருகட்டும் என்றுதானே நினைத்திருந்தோம்? இத்தனை காலமும் உன் குரலைக் கேட்டுச் சிறுத்தை எழுந்து போயிருக்கிறது போல.

"கொழும்புக்கு வர்றேங்க," என்றார் அத்தை. "தழும்பையும் காட்டுறேன். ஆனா சட்டத்த எடுங்கன்னு சொல்ல மாட்டேன். பன்னிக்கு வைக்கிற, சிறுத்தயும் மாட்டுற கம்பிச் சுருக்க எடுங்க, நல்லா விடிஞ்சப்புறம் மலைக்கு அனுப்புங்கன்னுதான் சொல்லுவேன்."

"அதுக்கு நான் வண்டி தர முடியாதுக்கா," என்றார் அவர், கோபமில்லாமல்.

"பஸ் இருக்குதுங்க."

எல்லோரும் அத்தையோடு சேரவில்லை. ஆட்டைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டு அக்கா இன்னும் சட்டம் மாறட்டும் என்றுதான் சொல்கிறார். அவர் கண்ணீரும் உண்மைதான்.

இன்று காலை அத்தை மறுபடி மலைக்குப் போனார். பள்ளிக்கூடப் பையோடு நானும் மலை ஓரம்வரை போனேன். உன் இடத்தில் யார் கூவுவது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தை வாயைத் திறந்தார், குரல் உடைந்தது. "கோழி கேறுற மாதிரி இருக்குடி!" என்று ஒருத்தி கேலி செய்ய, சிரிப்போடு சிரிப்பாக எல்லோரும் சேர்ந்து கூவினார்கள். சிறுத்தையை நான் பார்க்கவில்லை. மேட்டில் செடிகள் மட்டும் அசைந்தன. அந்த அசைவு பாறைவரை ஒரு கோடாகப் போய் நின்றது.

சட்டம் நிற்குமா, விழுமா, தெரியவில்லை. ஆனால் அத்தையோடு நானும் கொழும்புக்குப் போவேன். அவர் சொல்வதை அந்தக் குழுவிடம் ஒரு சொல்லும் மாறாமல் சிங்களத்தில் சொல்லுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நாளை விடிந்ததும் மலைக்குப் போக வேண்டுமாம்; அத்தை விளக்கை அணைத்துவிட்டார்.

உன் மூத்த மகள்,
அத்தையின் மருமகள்