கடலுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை

ஜூன் 9

என் பவளக்காரிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிகிறது, போன கடிதத்தில் பாதி உன் ஆசிரியையைப் பற்றிய புலம்பல். திட்டுகிறவர்தான் சொல்லித் தருவார், பொறுத்துக்கொள்.

இங்கே ஒரு தலைவலி. படிக்கக் கிளம்பும் முன் நம் கடல்நீர்த் தொட்டியில் நீ ஒட்டிவிட்டுப் போன கிளைப்பவளம் வளர மாட்டேன் என்கிறது. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் வளர்ந்தது. இந்த இரண்டு மாதமாக ஒன்றுகூட இல்லை. நிறம் வெளுக்கவில்லை, சாகவும் இல்லை, வேலைநிறுத்தம் செய்கிறவன்போல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கால்சியம், காரத்தன்மை, பாஸ்பேட் எல்லாம் நீ எழுதிவைத்த அளவில்தான் இருக்கின்றன. விளக்கும் புதிது. தினமும் மாலை ஏழு மணிக்கு எடுத்த அளவுகளை நோட்டிலிருந்து அப்படியே நகலெடுத்து அனுப்புகிறேன். குறை எங்கே என்று நீதான் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலையில் எப்போதும்போல போல்ட்டை அளக்கிறேன், முத்திரை குத்துகிறேன். ஐந்து மாதம் ஓடிவிட்டது, இன்னும் ஏழுதான். அம்மாவுக்காக ஒருமுறை, என் அறுவை சிகிச்சைக்காக ஒருமுறை என்று இரண்டு தடவை தள்ளிப்போட்ட படிப்பு. இந்தத் தடவையாவது முடித்துவிட்டு வா.

உன் அளவுகோல்

ஜூன் 20

என்னங்க,

நோட்டுப் பக்கங்களை மூன்று தடவை படித்தேன். கால்சியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பி.எச். வரிசையைப் பாருங்கள். நான் இருந்தபோது எந்நாளும் எட்டு புள்ளி இரண்டு. இந்த இரண்டு மாதமாகத் திங்கள் முதல் சனி வரை ஏழு புள்ளி எட்டு, ஞாயிறு மட்டும் பழையபடி எட்டு புள்ளி இரண்டு. கடலுக்கு ஏதுங்க ஞாயிற்றுக்கிழமை?

சாத்திய அறையில் ஆள் இருந்தால், மூச்சில் வரும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாகி பி.எச்.சை இறக்கிவிடும். அப்புறம் கால்சியம் கொட்டிக் கிடந்தாலும் பவளம் தன் எலும்பைக் கட்டத் திணறும். ஆனால் வேலைநாளில் நம் வீட்டில் ஆளே இருக்கக் கூடாதே. காலை ஏழுக்குப் போய் மாலை ஆறரைக்கு வருகிறவர் நீங்கள். பகல் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு அங்கே மூச்சு விடுவது யார்? வேறொருத்தி என்று சந்தேகப்பட உங்கள் மூஞ்சி இடம் தரவில்லை.

நீங்கள் வேலைக்குப் போவதில்லை. அப்படித்தானே?

பேச்சு வராத பிள்ளைகளைப் பேச வைக்க இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், என் வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். எனக்கு ரொம்பக் கோபம்.

உங்கள் மனைவி

ஜூலை 1

பவளக்காரிக்கு,

ஏப்ரலிலேயே போய்விட்டது. ஒரு லாரி போல்ட், அளவு குறைவு. மேலாளர் கையெழுத்துக் கேட்டார். "நூலளவு தானேய்யா, கண்ண மூடிக்கிட்டுப் போடு" என்றார். "கண்ண மூடிக்கிட்டு அளக்க எனக்குத் தெரியாதுங்க" என்றேன். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

உன்னிடம் சொன்னால் அடுத்த வண்டியிலேயே ஏறிவிடுவாய் என்று பயந்தேன். மூன்றாவது தடவையும் உன் படிப்பு என்னால் நிற்கக் கூடாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு உனக்குச் சொல்லிவிடுவார். ஞாயிறன்று வீட்டில் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அன்றைக்கு மட்டும் திறந்தேன். கடிதத்தில் பொய் எழுத முடிந்தது, நோட்டில் எண்ணை மாற்ற மட்டும் கை வரவில்லை. அதுவே என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று யார் கண்டது?

நேற்று எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். "ரெண்டு மாசமா நீங்க தும்முறத கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் தம்பி, நீங்களா சொல்லட்டும்னு விட்டுட்டேன்" என்கிறார்.

தயவுசெய்து கிளம்பி வந்துவிடாதே.

உன் அளவுகோல்

ஜூலை 12

என்னங்க,

ஒன்று சொல்ல வேண்டும். போன கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றே, படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெட்டியும் கட்டியாயிற்று. அவர் படித்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் வரச் சொன்னாரா?" என்று கேட்டார். இல்லை என்றதும், உங்கள் பதில் வரட்டும் என்று அதை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தார்.

அந்த நாட்களில் ஒரு வரி படிக்க முடியவில்லை. உடம்புக்கு என்னவோ, மறைக்கிறார் என்று கண்டதையும் நினைத்து அழுதேன். உங்கள் கடிதம் வந்தது. வேலைதான் போயிருக்கிறது என்று தெரிந்ததும் அன்றைக்கே இரண்டு பாடம் முடித்தேன்.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டேன். மீதி ஆறு மாதத்தையும் முடித்துவிட்டுத்தான் வருவேன். வேலை தேடிப் போகிற இடத்தில் இல்லை என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால்தான் நான் வண்டி ஏறுவேன்.

உங்கள் பவளக்காரி