வெள்ளையாக இருந்த ஒன்பதாம் தேதி

நவம்பர் 18, திங்கள்

செங்கல்பட்டு கல்யாண மண்டபத்து புக்கிங் சாஃப்ட்வேரில் டேட் பிக்கர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். முன்னே தேதியைக் கையால் அடிப்பார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி. இப்போ காலண்டர் திறக்கும். புக் ஆன நாள் சாம்பல், காலி நாள் வெள்ளை. அழுத்தினால் முடிந்தது. முதலாளிக்கு ஒரே குஷி. பழைய ரிஜிஸ்டரை அப்போதே பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார்.

மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் சார் மூஞ்சிதான் சரியில்லை. இருபது வருஷமாக அந்த ரிஜிஸ்டரை வைத்து ராஜா மாதிரி இருந்தவர். நொட்டை சொல்லிக்கொண்டே இருந்தார். "முதல் நாள் சாயங்காலத்தை எங்கம்மா போடறது?" "ரிமார்க்ஸ்ல போடுங்க சார்" என்றேன். இந்த ஆள் மேல் ஒரு கண் வைக்கணும்.

டிசம்பர் 5

எங்க டீம் லீட் ஸ்டான்லி அண்ணா சொல்லிட்டார்: இந்த மண்டபம் ஒழுங்கா ஓடினால்தான் பிப்ரவரியில் என் வேலை நிரந்தரம்.

ஜனவரி 20, திங்கள்

நினைச்சேன்! டபுள் புக்கிங். பிப்ரவரி 9 ஞாயிறு சாயங்காலம் ஒரு வீட்டு ரிசப்ஷன், அதே சாயங்காலம் இன்னொரு வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. ரெண்டு பக்கமும் பத்திரிகை கொடுத்தாச்சு. மாப்பிள்ளை அழைப்பு வீட்டுப் பொண்ணோட அப்பா போன்லயே அழுதாராம்.

என் காலண்டர் ஒரே நாளை ரெண்டு பேருக்குத் தராது — நூறு தடவை சோதிச்சது. அப்போ? அந்த ஆள்தான். வேணும்னே தப்பாப் போட்டு சாஃப்ட்வேர் பேரைக் கெடுக்கிறார். வேற யாரு?

ஜனவரி 21

முதலாளிக்கு மெயில் போட்டேன். மேனேஜர் வேண்டுமென்றே தவறாகப் பதிந்திருக்கலாம் என்று. ஸ்டான்லி அண்ணாகிட்ட கேட்கல. ஆதாரம் பார்த்துட்டு அனுப்புன்னுவார்.

ஜனவரி 22

லக்ஷ்மிநாராயணன் சாரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். கொஞ்சம் பேஜாராத்தான் கீது. ஆனா தப்பு பண்ணது யாரு?

ஜனவரி 23

ஆதாரத்துக்காகப் பதிவுகளைத் திறந்தேன். ஐயோ.

மாப்பிள்ளை அழைப்பு வீட்டுக்கு அவர் போட்டது பத்தாம் தேதி, திங்கள், முகூர்த்தம். சரியான தேதி. ரிமார்க்ஸில், நான் சொன்ன அதே இடத்தில்: "9 மாலை 4 மணி முதல் மண்டபம் இவர்களுக்கு." அந்த ரிமார்க்ஸை காலண்டரில் நான் காட்டவே இல்லை. ஒன்பதாம் தேதி வெள்ளையாகவே இருந்திருக்கு. அதைப் பார்த்து ரிசப்ஷனை புக் பண்ணது முதலாளி, தன் லாகின்ல. வெள்ளையா இருந்துச்சே, மேனேஜர்தான் ஒழுங்கா போடலன்னு அவரும் நம்பிட்டார்.

எங்க வீட்டுக் கல்யாணமெல்லாம் காலையில் சர்ச், சாயங்காலம் ஹால், ஒரே நாள்ல முடிஞ்சுரும். கல்யாணம்னா ஒரு தேதி. என் மண்டையில இருந்ததை அப்படியே காலண்டரில் போட்டுட்டேன். விடியற்காலை முகூர்த்தம்னா முந்தின நாளே மண்டபத்துல வந்து இறங்குவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை ஃப்ரெண்ட்ஸ் கல்யாணம் போயிருக்கேன்! சாப்பிட்டுட்டு வந்ததோட சரி. அவர் கேட்டாரேடி, ஜெசிந்தா. முதல் நாளே கேட்டாரே. இன்னா பண்ணி வச்சிருக்கேன்!

ஜனவரி 24

ரெண்டாவது மெயில். தவறு என்னுடையது, அவருடையது இல்லை. ஸ்டான்லி அண்ணாவுக்கும் காப்பி போட்டேன். என் சீட்டுக்கு வந்து நின்றார். "கன்ஃபர்மேஷன் இப்போ வேணாம்மா, ஆறு மாசம் போகட்டும்." சரின்னேன். பாத்ரூமில் போய் அழுதேன்.

ஜனவரி 27

ரிசப்ஷன் வீட்டார் பக்கத்து ஊர் சிங்கப்பெருமாள் கோவிலில் வேறு மண்டபத்துக்கு ஒத்துக்கிட்டாங்க.

பிப்ரவரி 3, திங்கள்

சாரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். புது டேட் பிக்கரோடு போனேன்: எந்த நாள் எத்தனை மணியிலிருந்து, எந்த நாள் எத்தனை மணி வரை. மன்னிப்பு கேட்டேன். "பரவாயில்ல, உக்காரும்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு கல்யாணத்தைப் போட்டுப் பார்த்தார். ரெண்டு கட்டமும் சாம்பல் ஆனது. தலையாட்டினார். பிறகு அந்தத் திரையை பிரிண்ட் எடுத்து, பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து போட்டுடும்மா. இனிமே ஒவ்வொரு தடவை நீ மாத்தறப்பவும்."

பேனாவை வாங்கினேன். போட்டேன்.