கிணற்றை முகர்ந்து பார்த்தேன்

குன்னூர், செவ்வாய்க்கிழமை இரவு.

மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்கில் எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டி எடுக்கிறார்கள். அந்த வேலையை நடத்தும் பொறியாளர் இன்று, பங்குக்குக் கீழே சரிவில் இருக்கும் பரீதாவின் கிணற்றைப் பார்க்க வந்தார். பக்கத்து வீடு என்பதால் நானும் போனேன்.

"தண்ணியில பெட்ரோல் வாடை அடிக்குதுங்க" என்றாள் பரீதா.

அவர் சிரித்தபடி வாளியை என் பக்கம் நகர்த்தினார். "நாளெல்லாம் அந்த மண்ணுலயே நின்னு எங்க மூக்கு செத்துப்போச்சுங்க. நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாராமே, பார்த்துச் சொல்லுங்க சார்."

குனிந்து முகர்ந்தேன். போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. அதைச் சொல்லக் கூசி, "ஒண்ணும் வாடை இல்லைங்க" என்றேன். இந்தக் கிணற்றை அப்புறம் பார்க்கலாம் என்று அவர் போய்விட்டார்.

சாயங்காலம் பரீதா வேலியோரம் வந்தாள். "வாத்தியாரய்யா சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். நாளையிலிருந்து லாரித் தண்ணி வேண்டாம்னுட்டேன்."

"சரிம்மா" என்றேன்.

மூக்கு செத்துப்போச்சு என்று அந்தப் பொறியாளர் சிரித்துக்கொண்டே சொன்னதை என்னால் சொல்ல முடியவில்லை. காலையில் அவள் அந்தத் தண்ணீரில் உலை வைப்பதற்கு முன் போய்ச் சொல்லிவிட வேண்டும். போவேன் என்றுதான் நினைக்கிறேன்.