கைநாட்டு என்றொரு சொல்

இன்று காலை, இந்த வீட்டை வாங்கிய பத்திரத்தைப் பதிவு செய்தேன். கையெழுத்துப் போட்ட பிறகும் என் இடது கட்டைவிரலை மையில் உருட்டிப் பிடித்தார்கள். எல்லோருக்கும் அப்படித்தானாம். புளி வைத்துத் தேய்த்தும் மை முழுவதும் போகவில்லை. அதனால்தான் உங்கள் நினைவு, அக்கா. நீங்கள் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

நாம் பழகிய அந்தப் பழைய நாட்களில் நான் பென்னாகரத்தில் ஆசிரியை. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வாரம் ஒருமுறை கேழ்வரகு மாவு விற்கக் கொண்டுவருவீர்கள். நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். நான் உங்களை அக்கா என்பேன். நீங்கள் என்னை டீச்சரம்மா என்பீர்கள்.

ஒரு நாள் கூடையை இறக்கியதும் கேட்டீர்கள்: "டீச்சரம்மா, கைநாட்டுன்னா என்னாங்க?"

"ஏன் அக்கா?"

"எங்க கொழுந்தன் பொண்டாட்டி கெணத்து மேட்டுல நின்னு சொல்றா, கைநாட்டுக்குக் காடு ஒரு கேடான்னு. என்னன்னு வையறாள்னு தெரிஞ்சாத்தானே திருப்பி வைய முடியும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாட்டுதல் என்றால் ஊன்றி நிறுத்துவது. பந்தக்கால் நாட்டுகிறோம். உங்கள் ஊர் எல்லையில் கும்பிடுகிறீர்களே, செத்த வீரனுக்கு நட்ட கல், அந்த நடுவதும் இந்த நாட்டுவதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. காகிதத்தில் கையை ஊன்றி, இது என் சொல், இங்கே நிற்கிறேன் என்பது கைநாட்டு. கையொப்பத்துக்கும் அந்தப் பெயர் இருந்ததாக அகராதி சொல்கிறது. பிறகு எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துக்கு மாறிக்கொண்டார்கள். இந்தச் சொல் எழுதத் தெரியாதவர்களின் ரேகைக்கு மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு அந்த ஆட்களுக்கே பெயராயிற்று.

"அப்ப நல்ல வார்த்தைய வச்சுத்தான் வையறாளா?"

"இப்போது அது வசைதான்" என்றேன். பிறப்பு நன்றாக இருப்பதால் ஒரு சொல் குத்தாமல் போகும் என்று நான் நம்பியதில்லை. நீங்களும் நம்பவில்லை. "எனக்குப் பேரெழுதச் சொல்லிக் குடுங்க" என்றீர்கள்.

உங்கள் கணவர் இறந்து, பாகம் பிரிக்கப் பேசியிருந்த நேரம் அது. நீங்கள் காடு என்று சொல்லும் இரண்டு ஏக்கர் மேட்டு நிலம், பொதுக் கிணற்றில் வாரத்துக்கு மூன்று நாள் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் முறை. இவை உங்களுக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முடிவாகியிருந்தது. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் உங்கள் காட்டில் மழையை நம்பிச் சாமை மட்டும்தான் விதைக்கலாம்.

பெயரில் மூன்று எழுத்து. ஒரு மாதம் பிடித்தது. "நடு எழுத்து மாடு படுத்த மாதிரி வருதுங்க" என்று நீங்களே சிரித்தீர்கள். எழுத வந்துவிட்டது, போதும் என்று நினைத்தேன். பத்திரத்தை வாசிக்க நானும் கூட வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்திரம் எழுதிய அன்று நடந்ததை அடுத்த வாரம் நீங்களே சொன்னீர்கள். பத்திரம் எழுதுகிறவரிடம், "கையெழுத்து நானே போடுவேனுங்க" என்றிருக்கிறீர்கள். அவர் உடனே பேனாவை நீட்டியிருக்கிறார்.

"படிச்சுக் காட்டலீங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

"கைநாட்டு வைக்கறவங்களுக்குத்தாம்மா படிச்சுக் காட்டணும். நீங்கதான் கையெழுத்துப் போடறீங்களே."

கொழுந்தன் சிரித்தாராம். "அண்ணி இப்பப் படிச்சவங்க. உடுங்க."

தாளைப் பார்த்தீர்கள். உங்கள் பெயர் இருந்த இடங்கள் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் வெறும் மை. பேனாவைக் கீழே வைத்தீர்கள்.

"அப்ப நான் கைநாட்டுங்க. படிங்க."

சாட்சிக்கு வந்த ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நிற்க, பத்திரம் எழுதுகிறவர் உரக்க வாசிக்க வேண்டியதாயிற்று. காடு வந்தது, நான்கு எல்லையும் வந்தது, பத்திரமும் முடிந்தது.

"கெணறு எங்கீங்க?"

"உட்டுப் போச்சு போல" என்றாராம் கொழுந்தன். பெரியவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு தாளில் எழுதி, மறுபடி வாசித்த பிறகுதான் விரலை வைத்தீர்கள்.

இதைச் சொல்லி முடித்து, "கத்துக் குடுத்தது வீணாப் போச்சேன்னு நெனைக்காதீங்க டீச்சரம்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். நான் கற்றுக்கொடுத்த மூன்று எழுத்தால் உங்கள் கிணறு போக இருந்தது.

இப்போதும் மாலை நேரங்களில் சில பெண்கள் என்னிடம் படிக்க வருகிறார்கள். பெயர் எழுத எப்போது சொல்லித் தருவீர்கள் என்று முதல் நாளே கேட்கிறார்கள். முதலில் வாசிப்பு, பெயர் கடைசியில் என்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு மறுநாள் வருவதில்லை. அப்போதும் நான் வரிசையை மாற்றுவதில்லை.