அக்கா திறந்து வைத்த முப்பத்தேழு பக்கங்கள்

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் இருந்தேன். அவள் மகள் குட்டிக்கு ஆறு வயது, காது கேட்காது. அவளுக்குப் பள்ளி தேடுகிறாள். மடிக்கணினியில் முப்பத்தேழு பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. பக்கத்தில் காலண்டர் தாள் முழுக்கக் கிறுக்கல்.

"நேத்து ஒரு நல்ல பள்ளிக்கூடம் பாத்தேன்டி. எங்க போச்சுன்னே தெரியல. என்ன தட்டித் தேடுனேன்னும் ஞாபகமில்ல."

அவள் தேடியது நான் வடிவமைத்த தேடல் பக்கத்தில். வெள்ளைத் திரை, நடுவே ஒரே பெட்டி. அதற்குத்தான் போன வருடம் அலுவலகத்தில் எனக்குக் கைதட்டல். இன்று அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 9

மேலாளரிடம் சொன்னேன். எதையும் குறைக்கச் சொல்வதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுருக்கம்'.

"ஒரே பெட்டி. அதாம்மா நம்ம அழகு."

மழை வருமா என்று கேட்பவருக்கு அது போதும். இரண்டு வாரமாக ஒன்றையே தேடுகிறவருக்கு? விடாமல் வாதாடினேன். மாற்றிப் பார்க்க ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 20

இடது ஓரத்தில் இதுவரை தேடிய சொற்கள். வலது ஓரத்தில் எடுத்து வைத்தவை, ஒவ்வொன்றின் கீழும் 'ஏன் எடுத்தேன்' என்று எழுத ஒரு வரி. மேலே, வரும் முடிவுகளை வடிகட்டப் பத்துப் பொத்தான்கள். பயன்படுத்திப் பார்க்க வெளியிலிருந்து அழைத்திருந்த ஒரு நர்ஸ், "என்னங்க இது, சந்தைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார். சுருக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டார், பாவம்.

மார்ச் 23

பத்துப் பொத்தானையும் தூக்கிவிட்டேன்.

மார்ச் 31

இப்போது முதலில் ஒரே பெட்டிதான். ஒரே விஷயத்தை மூன்றாம் முறை தேடினால்தான் ஓரங்கள் விரியும். நர்ஸ் நேற்று வந்து, கணவருக்கு மாற்றலான ஊரில் வேலை தேடினார். இன்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாராட்டவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை, அப்படி மூழ்கிவிட்டார். இதைவிட என்ன வேண்டும்?

ஏப்ரல் 12

அக்காவுக்குப் புதிய பக்கத்தைக் கொடுத்திருந்தேன். இன்று போன்.

"பக்கத்துப் பள்ளிக்கூடத்துல உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கத்தான் சொல்லித் தர்றாங்க, சைகை மொழி கிடையாது. தனித்தனியா படிச்சப்ப உறைக்கவே இல்லடி. வரிசையா வச்சதும் பளிச்சுன்னு தெரியுது."

சைகை மொழி உள்ள பள்ளிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். எனக்குப் பயம் — என் பக்கத்தை நம்பி முடிவெடுக்கிறாளே? நேரில் போய்ப் பார் என்றேன். "பாக்காம சேத்துருவேனா?" என்று திட்டினாள்.

ஜூலை 5, ஞாயிறு

வாசலில் என்னைப் பார்த்ததும் குட்டி ஆள்காட்டி விரலைத் தன் மூக்குத்தண்டில் வைத்து இரண்டு முறை மேலே தள்ளிக் காட்டினாள்.

"என்னக்கா சொல்றா?"

"உன் பேருடி. கண்ணாடிய ஏத்தி ஏத்தி விடுறல்ல, அதான். புதுப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் கையாலயே ஒரு பேரு. உனக்கு இவளே வச்சிருக்கா."

ஆறு வருடத்தில் அவள் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.