கட்டையோட சேர்த்து எடுங்க

திட்டினாலும் பக்கத்தில் உட்கார வைத்துத் திட்டிய என் அஞ்சலை அக்காவுக்கு,

நேற்று அடித்த காற்றில் உன் பேனர் கிழிந்து விழுந்துவிட்டது. அபிஷேகப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் கம்பத்தோடு கட்டியிருந்தார்களே, அதுதான். உன் தம்பி அதை எடுத்துப்போய் மாட்டுக் கொட்டகையில் ஒழுகுகிற இடத்தில் போர்த்திவிட்டான். எனக்கு வருத்தம் இல்லை. சனியன் ஒழிந்தது என்றுதான் இருந்தது.

நீ அதைப் பார்க்கவில்லையே அக்கா. பவுடர் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு வெள்ளை முகம். கழுத்துக்குக் கீழே யாருடையதோ பட்டுப்புடவை, இரண்டு காலையும் ஊன்றி நேராக நிற்கிற உடம்பு. ஊன்றுகோலைக் காணோம். மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே உன் பெயரும் 'செல்வி அஞ்சலி'. அஞ்சலை என்றால் பழைய பெயராம், ஸ்டுடியோக்காரரே மாற்றிவிட்டார். பிறந்த தேதிக்குத் 'தோற்றம்', செத்த தேதிக்கு 'மறைவு'. உன் தோற்றத்தையே மறைத்துவிட்டு அதற்கு ஒரு தேதி வேறு.

"எனக்கு மூணு 'க' இருக்குடி தனம். கருப்பு, காலு, காலனி. இதுல எதப் பாத்து மூஞ்சத் திருப்புறாங்கன்னு எனக்கே தெரில" என்று நீ சொல்லும்போது நான் சிரிப்பேன். நீயும் சிரிப்பாய். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போன அன்றைக்கும் இதையே சொன்னாய். அன்றைக்கு மட்டும் உன்னால் சிரிக்க முடியவில்லை.

கடைசி நாளைப் பற்றி உன்னிடம் யார் சொல்லியிருக்கப் போகிறார்கள், நானே சொல்கிறேன். மத்தியானம் மூன்று மணி. கண் கூசுகிற வெயில். உன் சைடு வீல் ஸ்கூட்டரின் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தாய். லாரி டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "கண்ணுல படலீங்க" என்றான். கூட்டத்தில் ஒருத்தர், "ரோடும் கருப்பு, அதுவும் கருப்பு, அவன் இன்னா பண்ணுவான்?" என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை அக்கா, நிஜமாகவே நம்பிச் சொன்னார்.

கண்ணில் படத்தானே நீ பத்து வருஷம் அலைந்தாய்? படிக்கட்டு ஏற முடியாத ஆபீசுக்கு மனு, பஸ்ஸில் இடத்துக்கு மனு. படம் பிடிக்க வருகிறவர்கள் நம் முகத்தை விட்டுவிட்டு மனுவை வாங்குகிற அதிகாரியை எடுப்பார்கள். நீ விடமாட்டாய், ஊன்றுகோலைத் தட்டிக் காட்டுவாய். "சார், நில்லுங்க. முழுசா எடுங்க, கட்டையோட சேர்த்து எடுங்க. அது இல்லாம நான் எங்க நிக்கிறேன்?" நான் உன் பின்னால், விரல் இல்லாத வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நிற்பேன். "உள்ள இன்னாடி, கோழிக்குஞ்சா வச்சிருக்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாய். எனக்குக் கோபம் வரும். இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், அதே வெள்ளை முகத்தை ஃபிரேம் போட்டுக் கொண்டு வந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வில்லியனூர் மார்க்கெட்டில் அந்த ஸ்டுடியோவுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "செத்தவங்களோட காலு உங்களுக்கு இன்னாண்ணா பண்ணுச்சு? எதுக்கு அத எடுத்தீங்க?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. போனை எடுத்துக் காட்டினார். "கலரு நான் பண்ணதுதாம்மா, எல்லாருக்கும் அப்டிதான் பண்றது. ஆனா காலு எங்க இருந்துச்சு? எனக்கு வந்ததே கழுத்து வரைக்கும்தான்."

அந்தப் படத்தை அனுப்பியவள் நான்தான் அக்கா. அதை எனக்கே மறைத்துக்கொண்டுதான் அவரிடம் கத்தியிருக்கிறேன்.

நீ போன அன்று உன் தம்பி, "நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புக்கா" என்று கேட்டான். என்னிடம் ஒன்று இருந்தது. சாய்வுப் பாதைக்கு மனு கொடுத்த நாள், ஆபீஸ் வாசலில் எடுத்தது. நீ ஊன்றுகோலில் சாய்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறாய். சிரித்த வேகத்தில் நானும் மறந்துபோய் அந்தக் கையை உன் தோளில் போட்டிருக்கிறேன். மொட்டையாக, பளிச்சென்று தெரிகிறது. ஊரெல்லாம் பார்க்குமே என்று பயந்தேன். நீ செத்துக் கிடக்கிற வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, என் கையை வெட்டுவதற்காக உன்னைக் கழுத்தோடு வெட்டி அனுப்பினேன். உன்னை மறைத்தவர்கள் எல்லாரும் எனக்குப் பிறகுதான். என்னை என்ன சொல்லித் திட்டுவாய்?

ஒரு மாதம் உன் வீட்டுப் பக்கமே போகவில்லை. பெரியம்மாதான் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அந்த ஃபிரேம் சுவரில் மாலையோடு இருந்தது. "தெனம் வெளக்கு ஏத்துறேன்டி. ஆனா யார் வூட்டுப் பொண்ணோ மாதிரி பாக்குது. அழலாம்னு எதிர்ல குந்துனா அழுக வர மாட்டேங்குது. உன் போன்ல எம் பொண்ணு இருக்காளா பாரு" என்றார்கள்.

எடுத்துக் கொடுத்தேன். பெரியம்மா போனை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு உன் கால், ஊன்றுகோல், ஈறு தெரிகிற சிரிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார்கள். தோளில் விரல் நின்றது.

"இது இன்னாடி, உன் கையா?"

"ஆமா பெரிம்மா. வேணாம்னா அத மட்டும் வெட்டிட்டுப் போட்டுத் தரச் சொல்றேன்."

"அத வெட்டினா அவ தோளும் போயிடுமேடி. இருக்கட்டும்."

அப்புறம்தான் பெரியம்மாவுக்கு அழுகை வந்தது. சாயங்காலம் வரை நிற்கவில்லை.

இப்போது சுவரில் அந்தப் படம்தான் இருக்கிறது, நம் இரண்டு பேரோடும். நீ கேட்ட சாய்வுப் பாதையையும் கட்டிவிட்டார்கள். அதன் மேல் வரிசையாக பைக் நிறுத்துகிறார்கள். திறந்த அன்று எடுத்த படத்தில் நம்மைப் போல ஒருத்தரும் இல்லை. லாரிக்காரன் கேஸ் இழுத்துக்கொண்டே போகிறது. அவன் வக்கீல் இன்னும் 'கண்ணில் படவில்லை' என்றுதான் சொல்கிறாராம். நீ இல்லாமல் எதுவும் நல்லபடியாக நடக்கவில்லை அக்கா.

திங்கட்கிழமை அந்த பைக்குகளை எடுக்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போவேன். மனுவை வலது கையால்தான் நீட்டுவேன். யாராவது படம் எடுத்தால், முழுசாக எடுங்கள் என்று நானே சொல்வேன்.

உன் தோளில் கை போட்டபடி,
உன் தங்கச்சி தனம்